54 வரிசையில் ஒரு குடும்பம்: வேலை, சேமிப்பு, ஓய்வுக் கணக்கை நீங்களே போடும் வழி

போன ஆடி மாதம் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே சொந்தக்காரர்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்: "அஞ்சு வருஷம் வேலையை விட்டுட்டு வீட்ல இரும்மா." சரி என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, முடியாது என்று சொல்லவும் வரவில்லை. அந்த ஐந்து வருடத்தின் விலை என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள மூன்று மாதம் அலைந்தேன். இணையத்தில் கிடைத்த கால்குலேட்டர்கள் எல்லாம் மாதம் எவ்வளவு சேமிப்பீர்கள் என்று மட்டும் கேட்டன. வேலையை விட்டால் என்ன, மூன்று வருடம் கூடுதலாக உழைத்தால் என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் வழி காட்டியவன் சேலம் கருப்பூரில், பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் என் அண்ணன் மகன். பாடத்தில் இதற்கு வாழ்க்கைச் சுழற்சி மாதிரி என்று பெயராம். சம்பாதிக்கும் வருடங்களையும் சம்பாதிக்காத வருடங்களையும் ஒரே தாளில் வைத்து, எந்த வயதில் எவ்வளவு உழைப்பது, எவ்வளவு செலவழிப்பது, எவ்வளவு ஒதுக்குவது என்று சேர்த்துப் பார்ப்பதுதான் அது. அவர்கள் போடும் கணிதம் நமக்கு வேண்டாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

எங்கள் வீட்டு எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கிக் கீழே தருகிறேன். எனக்கு வயது 36, ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரருக்கு 40, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை. ஒரே மகள், வயது 9.

1. முதலில் காகிதங்கள்

இதற்கே ஒரு வாரம் ஒதுக்குங்கள். மனக்கணக்கில் தொடங்கினால் செலவில் கால்வாசி காணாமல் போகும். எனக்குப் போனது.

பன்னிரண்டு மாத வங்கிப் பாஸ்புக்கும் ஜி.பே. பட்டியலும் எடுங்கள். மூன்று மாதம் எடுத்துவிட்டு நாலால் பெருக்காதீர்கள். சேலத்தில் ஆடி மாதச் செலவு வேறு, கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வரும் விருந்தாளிகளே ஒரு மாத மளிகையைத் தின்றுவிடுவார்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம், ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, சொத்துவரி அரையாண்டுக்கு ஒரு முறை. அவை விழும் மாதத்தைத் தவறவிட்டால் அந்தச் செலவே இல்லாத மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது பி.எஃப். பாஸ்புக். யு.ஏ.என். எண்ணும் (பி.எஃப். உறுப்பினருக்கான எண்) கடவுச்சொல்லும் இருந்தால் இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். என் கதை அப்படிப் போகவில்லை. பழைய நிறுவனம் ஒன்று என் பிறந்த தேதியை ஆதாரில் உள்ளதற்கு மாறாகப் பதிந்து வைத்திருந்தது. அதைத் திருத்தி, பழைய கணக்கைப் புதியதோடு சேர்க்க ஏழு வாரம் ஆனது. ஆகவே எல்லாவற்றுக்கும் முதலில் இந்தப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பெயர், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி மூன்றும் சரியா? மனுவைப் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம்.

அப்புறம் அஞ்சலகப் பாஸ்புக்குகள், காப்பீட்டுப் பத்திரங்கள், நகைக்கடன் ரசீது, சீட்டு நோட்டு. வீட்டுக்காரர் கூலி வாங்கிய நோட்டும் வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அந்த நோட்டில் எழுதியிருப்பதுதான் ஆதாரம்.

2. எல்லாவற்றையும் இன்றைய ரூபாயில் எழுதுங்கள்

பெரும்பாலோர் விழும் குழி இதுதான். என்னிடம் வந்த ஒரு முகவர், "மேடம், 58 வயசுல கையில ஒரு கோடி" என்று வண்ணப் படம் போட்டுக் காட்டினார். விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் 22 வருடம் கழித்து வரும் ஒரு கோடிக்கு இன்றைய மதிப்பு ஏறக்குறைய 34 லட்சம். படத்தில் அது இல்லை.

ஆகவே தாள் முழுவதும் இன்றைய விலை. இன்று மாதம் 30,000 செலவு என்றால் பத்து வருடம் கழித்தும் 30,000 என்றே எழுதுங்கள். அதற்கு ஈடாக வட்டியையும் குறைக்க வேண்டும். பி.பி.எஃப். (வங்கியிலோ அஞ்சலகத்திலோ நாமே போடும் நீண்டகாலச் சேமிப்பு) வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம். விலைவாசிக்கு நான் 5 வைத்துக்கொண்டேன். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 தான், ஆனால் மருந்துக்கடையும் பள்ளிக்கூடமும் அந்த இலக்கைக் கேட்டு நடப்பதில்லை. 1.071-ஐ 1.05-ஆல் வகுத்தால் 1.02. அதாவது உங்கள் பணம் உண்மையில் வளர்வது வருடத்துக்கு 2 சதவீதம். தாள் முழுவதும் இந்த 1.02 தான் வரும். வருங்கால ரூபாயையும் இன்றைய ரூபாயையும் ஒரே தாளில் கலந்தால் அந்தக் கணக்கைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

ஓய்வூதியத்தில் இந்தக் குழி இன்னும் ஆழம். பி.எஃப். அலுவலகம் தரும் ஓய்வூதியத்தின் வாய்பாடு: ஓய்வூதியத்துக்கு எடுக்கும் சம்பளத்தை (உச்சவரம்பு 15,000) வேலை பார்த்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். நான் 28 வயதில் சேர்ந்தேன், 58 வரை இருந்தால் 30 வருடம். 20 வருடத்துக்கு மேல் என்பதால் இரண்டு வருடம் கூட்டிக்கொள்வார்கள், ஆக 32, மாதம் 6,850 சொச்சம் வரும். பரவாயில்லையே என்று தோன்றுகிறதா? அது 22 வருடம் கழித்து வரும் 6,850. வரம்பு மாறாமல் இருந்தால் இன்றைய மதிப்பில் 2,340. அதன் பிறகு விலைவாசியோடு சேர்ந்து ஏறுவதும் இல்லை. அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் 60 வயதில் வரும் 5,000-க்கும் இதே கதி, 40 வயதுக்காரருக்கு இன்றைய மதிப்பில் 1,900 கூட இல்லை. சேர வேண்டாம் என்று சொல்லவில்லை. தாளில் 5,000 என்று எழுதாதீர்கள் என்கிறேன். அதில் சேர வயது 40-க்குள் இருக்க வேண்டும், வருமான வரி கட்டுகிறவராக இருக்கக் கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. வருடத்துக்கு ஒரு வரிசை

கூகுள் ஷீட்ஸ் அல்லது லிப்ரே ஆபீஸ் போதும், இரண்டும் இலவசம். கோடு போட்ட நோட்டிலும் செய்யலாம், திருத்தும்போது கை வலிக்கும்.

வரிசைகள் யாருடைய வயதுக்கு ஓட வேண்டும்? குடும்பத்தில் இளையவர் வயதுக்கு. எங்கள் வீட்டில் நான் நாலு வயது சின்னவள், என் 90 வரை தாள் நீள வேண்டும். 36 முதல் 89 வரை 54 வரிசை. வீட்டுக்காரரின் 80-ஓடு நிறுத்தினால், அவருக்குப் பின் நான் இருக்கக்கூடிய வருடங்கள் தாளில் விழாமலே போகும். முதல் தடவை அப்படித்தான் செய்தேன். அண்ணன் மகன், "அத்தை, நீங்க 76-லேயே போயிட்டீங்க" என்று சிரித்தான்.

நெடுவரிசைகள் இவை: என் வயது, அவர் வருமானம், என் வருமானம், பி.எஃப்.புக்குப் போவது, செலவு, கையில் எடுக்கக்கூடிய இருப்பு, பி.எஃப். இருப்பு. கடைசி இரண்டையும் தயவுசெய்து சேர்க்காதீர்கள், காரணம் கீழே வருகிறது.

எங்கள் எண்கள். அவருக்கு எட்டு மாதம் 28,000 வீதமும், ஆர்டர் குறையும் நாலு மாதம் 12,000 வீதமும் வரும், ஆக வருடத்துக்கு 2,72,000. என் கைக்கு வரும் சம்பளம் 18,000 வீதம் 2,16,000. செலவு 3,60,000. மிச்சம் 1,28,000. பி.எஃப்.புக்கு என் பங்கு மாதம் 1,800. நிறுவனத்தின் பங்கும் அதே 1,800 தான், ஆனால் அதில் 1,250 ஓய்வூதியத்துக்குப் போய்விடும், என் கணக்கில் விழுவது 550. ஆக மாதம் 2,350, வருடத்துக்கு 28,200. இரண்டும் சேர்ந்து வருடச் சேமிப்பு 1,56,200.

சொந்த வீட்டைப் பணமாக எழுதாதீர்கள். குடியிருக்கும் வீட்டை விற்றுச் சாப்பிட முடியாது. வாடகை மிச்சம் என்பது செலவுக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். நகையில், அடகு வைக்கவோ விற்கவோ மனம் வருவதை மட்டும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அது இரண்டு பவுன். மீதியெல்லாம் மகளுடையதாம், பீரோவில் இருந்தாலும்.

ஏற்காட்டில் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்கள் இதைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும். என் சித்தி அங்கே எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் இருக்கிறார். வேலை இருக்கும்வரை வாடகை இல்லை. ஓய்வு பெற்றால் வீடும் போகும், வருமானம் நிற்கும் அதே வருடத்தில் வாடகை தொடங்கும். காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கூலியை வைத்து வருடத்துக்குப் பெருக்கினாலும் ஏமாந்து போவார்கள்.

4. கடைசி வயதிலிருந்து பின்னால் வாருங்கள்

"முன்னாடியிருந்து போட்டா கனவுதான் அத்தை வரும். கடைசி வயசுல இருந்து பின்னாடி வாங்க" என்றான் அண்ணன் மகன். இந்த முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

90 வயது வரிசையில் பூஜ்யம் போடுங்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது விட்டுப்போக நினைத்தால் அந்தத் தொகை. பிறகு ஒவ்வொரு வயதுக்கும் இந்தச் சூத்திரம்:

இந்த வயதின் தேவை = இந்த வருடச் செலவு − இந்த வருட வருமானம் + (அடுத்த வயதின் தேவை ÷ 1.02)

வேலை பார்க்கும் வருடங்களில் பி.எஃப்.புக்குப் போவதையும் வருமானத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஓய்வுக் காலத்தில் எங்கள் செலவு மாதம் 20,000, வருடத்துக்கு 2,40,000 என்று வைத்தேன். ஓய்வூதியத்தை இப்போதைக்கு விட்டுவிட்டேன். 89 வயதின் தேவை 2,40,000. 88-க்கு 4,75,294. 87-க்கு 7,05,975. உங்கள் தாளிலும் இதே எண்களைப் போட்டுச் சோதித்துப் பாருங்கள், இந்த மூன்றும் வந்தால் சூத்திரம் சரி.

அப்படியே 58-க்கு வந்தபோது 57 லட்சத்து 45 ஆயிரம் நின்றது. அன்றைக்கு எங்களிடம் எவ்வளவு இருக்கும்? வருடத்துக்கு 1,56,200 வீதம் 22 வருடம், 2 சதவீத வளர்ச்சியோடு 43 லட்சத்து 50 ஆயிரம். 14 லட்சம் பள்ளம். (ஏற்கெனவே இருந்த பி.எஃப். இருப்பும் மகளின் கல்லூரிச் செலவும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரிக்கட்டிவிட்டதால் இரண்டையும் இங்கே காட்டவில்லை.)

பள்ளத்தை மூன்று விதமாக மூடலாம். மாதம் 4,200 கூடுதலாகச் சேமிக்கலாம். வயதான காலத்தில் 20,000-க்குப் பதில் 15,000-த்தில் வாழலாம். இல்லையென்றால் இருவரும் இன்னும் மூன்று வருடம் உழைக்கலாம். மூன்றாவதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதே வருமானம் கிடைத்தால் பள்ளம் 14 லட்சத்திலிருந்து இரண்டரை லட்சத்துக்கு இறங்கிவிட்டது! உழைக்கும் வருடம் மூன்று கூடும்போது, உட்கார்ந்து சாப்பிடும் வருடம் மூன்று குறைகிறது. இரண்டு பக்கமும் அடிக்கிறது.

ஆனால் இதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி தாளில் இல்லை. "65 வயசுல எனக்குக் கண்ணு தெரியுமா?" நெருப்பு முன்னால் குனிந்து சின்னச் சின்ன வளையமாகப் பற்றவைக்கும் வேலை. ஆகவே அவருக்கு 58-க்கு மேல் வருமானத்தைப் பாதியாக்கி இன்னொரு தாள் போட்டோம். உங்கள் தொழிலில் எந்த வயது வரை கை, கண், முதுகு தாங்கும் என்று அதே தொழிலில் இருக்கும் மூத்தவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

5. பிறகு முன்னாலிருந்து ஒரு தடவை

பின்னாலிருந்து வந்தால் மொத்தம் சரியா என்று தெரியும். நடுவில் எந்த வருடம் மூச்சு முட்டும் என்று தெரியாது. அதற்காக 36-லிருந்து கீழே இறங்கி, கையில் எடுக்கக்கூடிய இருப்பை வருடா வருடம் எழுதுங்கள். எந்த வரிசையிலும் அது பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது.

பாடப்புத்தகக் கணக்கில் இளம் வயதில் கடன் வாங்கிப் பின்னால் அடைத்துவிடலாம், அதே வட்டிக்கு. நமக்கு 2 சதவீதத்துக்கு யார் தருகிறார்கள்? மாமியாரின் அறுவை சிகிச்சைக்கு நான் வாங்கியது நூற்றுக்கு 3 வட்டி, வருடத்துக்கு 36 சதவீதம். பி.எஃப். இருப்பைத் தனியாக வைக்கச் சொன்னது இதனால்தான். மொத்தத்தில் லட்சக்கணக்கில் இருக்கும், ஆஸ்பத்திரி கவுண்டரில் நிற்கும்போது கையில் இருக்காது.

6. கெட்ட வருடத்தை வேண்டுமென்றே கெட்ட இடத்தில் வையுங்கள்

சராசரி எடுத்தால் கெட்ட வருடம் கரைந்து போகும். நான் செய்தது இது: என் 45-ஆவது வயதில் மகள் கல்லூரியில் சேர்கிறாள், கட்டணமும் விடுதியும் ஒரு லட்சம். அதே வருடம் வெள்ளி விலை ஏறி ஆர்டர் நின்று அவர் வருமானம் பாதியாகிறது. வருமானம் 3,52,000, செலவு 4,60,000. பற்றாக்குறை 1,08,000. அவசரத்துக்கு எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இந்த எண். மூன்று மாதச் செலவு, ஆறு மாதச் செலவு என்று பொதுவாகச் சொல்வதைவிட இது நம் வீட்டுக்குப் பொருந்தும். வங்கியிலோ அஞ்சலகத்திலோ உடனே எடுக்கும்படி இருக்க வேண்டும். சீட்டில் போட்டு வைப்பது இதற்கு உதவாது, ஏலம் நம் அவசரத்துக்கு வராது.

இன்னொரு தாளில் அவர் வருமானத்தை அவரது 50 வயதோடு நிறுத்திப் பாருங்கள். மனசு ஒப்பாது, நானும் வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகுதான் போட்டேன். ஆயுள் காப்பீடு எவ்வளவுக்கு வேண்டும் என்பது அந்தத் தாளின் பள்ளம்தான். வேறு எதுவும் இல்லாதவர்கள் வங்கியில் வருடத்துக்கு 436 ரூபாயில் 2 லட்சம் காப்பீடு தரும் ஜீவன் ஜோதியிலாவது சேருங்கள். 50 வயதுக்குள் சேர வேண்டும், பிரீமியம் மே கடைசியில் பிடிப்பார்கள், அப்போது கணக்கில் பணம் இருக்கட்டும்.

7. வேலையை விடலாமா என்ற கேள்வி

எல்லாம் இதற்காகத் தொடங்கியதுதான். தாளை நகலெடுத்து, என் 36 முதல் 40 வரையான ஐந்து வரிசைகளில் என் வருமானத்தைப் பூஜ்யமாக்கினேன்.

வேலைக்குப் போவதற்கென்று ஆகும் செலவை முதலில் கழிக்க வேண்டும். எனக்கு டவுன் பஸ் இலவசம். மகளைப் பள்ளிக்குப் பின் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும், நேரமில்லாத நாளில் வாங்கும் ஓட்டல் டிபனுக்கும் மாதம் 2,500. ஆக வருடத்துக்கு உண்மையில் இழப்பது 2,16,000 இல்லை, 1,86,000. ஐந்து வருடத்துக்கு 9,30,000. பி.எஃப்.பில் விழாமல் போவது 1,41,000.

இத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நானும் நிறுத்தியிருந்தேன். திரும்பி வேலைக்குப் போகும்போது 18,000 தருவார்களா? எங்கள் அலுவலகத்திலேயே இடைவெளி விட்டு வந்த ஒருவருக்கு 14,000 தான் போட்டார்கள். அந்த 4,000 வித்தியாசம் மீதி 17 வருடத்துக்கும் தொடர்ந்தால் 8,16,000. வீட்டில் இருந்த ஐந்து வருடத்தில் போனதற்கு ஏறக்குறைய சமமாக, வேலைக்குத் திரும்பிய பிறகு போகிறது. மூன்றும் சேர்த்து, வட்டியே இல்லாமல் 18 லட்சத்து 87 ஆயிரம்.

எதிர்ப்பக்கம்: பகலில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் மாதம் 6,000, ஐந்து வருடத்துக்கு 3,60,000. அந்தத் தாளை மாமியாரிடமே காட்டினேன். படித்துவிட்டு, "வர்றவ நல்லா காப்பி போடுவாளா?" என்று மட்டும் கேட்டார். நான் வேலையை விடவில்லை.

உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். சம்பளம் 9,000 ஆகவும் ஆள் கூலி 8,000 ஆகவும் இருந்தால் விடுவதே சரியாக வரக்கூடும். அப்படி விடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பத்து வருடம் முடியாமல் வெளியே வந்தால் ஓய்வூதியப் பங்கைப் பணமாக எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். படிவம் 10-சி. அதே படிவத்தில் பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். வாங்கி வைத்தால் பழைய வருடங்கள் அடுத்த வேலையோடு சேரும். என் விஷயத்தில் எட்டு வருடம் முடிந்திருந்தது. பணமாக எடுத்திருந்தால் 58-இல் 17 வருடத்துக்கான 3,600 தான், சான்றிதழ் வாங்கியிருந்தால் 25 வருடத்தோடு கூட்டிக்கொள்ளும் அந்த இரண்டும் சேர்த்து 5,780. அவசரத்துக்கு அந்தச் சின்னத் தொகையை எடுத்துவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள் எங்கள் ஆலையிலேயே இருக்கிறார்கள்.

8. செலவும் நாளும்

எனக்கு ஆனது: பிரவுசிங் சென்டரில் அச்செடுக்கப் பக்கத்துக்கு 10 ரூபாய் வீதம் 180, நகல்களுக்கு 60. பி.எஃப். திருத்தத்துக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. செய்து தருகிறேன் என்று 1,500 கேட்டவரை நான் திருப்பி அனுப்பினேன். தாளைக் கட்ட மூன்று ஞாயிற்றுக்கிழமை.

சில தேதிகள் காத்திருக்காது. பெண் குழந்தைகளுக்கான சேமிப்பான செல்வமகள் கணக்கை மகளுக்குப் பத்து வயது முடிவதற்குள் தொடங்க வேண்டும். வட்டி 8.2 சதவீதம், நாங்கள் நாலு மாதம் மிச்சம் இருக்கும்போது ஓடினோம். பி.பி.எஃப். பணத்தை மாதத்தின் 5-ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி அதற்குக் கிடைக்கும்.

வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரலில், போன வருட வரிசையில் எழுதியதற்கும் உண்மையில் நடந்ததற்கும் பக்கத்தில் ஒரு நெடுவரிசை போட்டு நிரப்புங்கள். எனக்கு இந்த ஏப்ரலில் வருமானம் சரியாக வந்தது, செலவு 22,000 கூடிவிட்டது. 11,000 மருந்துக்கடை, 4,000 கல்யாண மொய். மீதி 7,000 எங்கே போனது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.